பின் வலது பக்கம் மட்டும் தொங்குது: ஷாக் போச்சா, ஸ்பிரிங் போச்சா?

கண்மாய்க்கரை (திருமங்கலம்)

அண்ணன்மாருக்கு வணக்கம். என்கிட்ட இருக்கிறது 1/10 பக்கி, அதாவது நிஜ வண்டியில பத்துல ஒரு பங்கு அளவுள்ள ரிமோட் கார். நாலு சக்கரமும் இழுக்கும், பிரஷ்லெஸ் மோட்டார், 2எஸ் (ரெண்டு செல்) 5000 எம்ஏஎச் பேட்டரி. துபாய்க்கு வேலைக்குப் போன நண்பன் கொடுத்துட்டுப் போனது. நான் ஓட்டுறதைவிட என் மக ஓட்டுறதுதான் அதிகம், நாலாவது படிக்கிறா.

ஓட்டுற இடம் எங்க ஊர்க் கண்மாய். பங்குனியில தண்ணி வத்தினா கரம்பை மண் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். மாடு மிதிச்ச குளம்புத் தடம் அப்படியே காஞ்சு கல்லு மாதிரி இறுகியிருக்கும். ஷாக் சரியில்லைன்னா அங்க ஒரு சுத்துகூட ஒழுங்காப் போக முடியாது.

பிரச்சினை இதுதான். பேட்டரியோட தரையில வெச்சு சேசிஸ் (வண்டியோட அடித்தட்டு) அடியில ஸ்கேல் வெச்சு அளந்தேன். முன்னாடி ரெண்டு பக்கமும் 22 மிமீ, பின் இடது 21, பின் வலது 14. பின்பக்கத்தைக் கையால அமுக்கி விட்டா இடது உடனே எழும்புது, வலது அமுங்கின இடத்துலேயே உக்காந்துக்குது. ஓட்டும்போது வலப்பக்கம் வளைச்சா ஒழுங்காப் போகுது. இடப்பக்கம் வளைச்சா பின்னாடி வீசிச் சுத்திருது.

நான் செஞ்சதையும் மறைக்காமச் சொல்லிடுறேன். அந்த வலது ஷாக்குல எண்ணெய் கசிஞ்சிருந்துச்சு. போன மாசம் திறந்து, வீட்ல இருந்த தையல் மிஷின் எண்ணெயை ஊத்தி மூடினேன். ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம்தான் இப்படி. தொங்குதேன்னு, ஸ்பிரிங்கை அமுக்கி வண்டியை உசத்துற பிளாஸ்டிக் கிளிப் கையிலிருந்ததையெல்லாம் வலது ஸ்பிரிங் மேல மாட்டினேன். 19க்கு வந்துச்சு. ஆனா கரைச் சரிவுல குதிச்சு இறங்கினா பின்பக்கத்தைத் தூக்கி அடிக்குது. ஷாக் செட்டையே மாத்தணுமா? செலவில்லாம வழி இருந்தா சொல்லுங்கண்ணே.

வேகத்தடை

ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் ப்ரோ. பின்னாடி ரெண்டுக்கும் கெட்டி ஸ்பிரிங் போடுங்க. என் வண்டியில அதுலதான் சரியாச்சு.

பீளமேடு லேத்

தம்பி, செட்டெல்லாம் வாங்க வேண்டாமுங்க. கெட்டி ஸ்பிரிங்கும் இப்பப் போடாதீங்க. உங்க வண்டியில ஏதோ ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது. அது என்னன்னு கண்டுபிடிக்காம கெட்டி ஸ்பிரிங் போட்டா கோளாறு மறைஞ்சுதான் நிக்கும், போகாது.

முப்பது வருசமா லேத்துல நிக்கிறவன் நான். சீல், ஓ-ரிங் (எண்ணெய் கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) சமாச்சாரம் தினமும் கையில படறது. இந்த ஷாக்குகள்ல வர்ற ஓ-ரிங் பெரும்பாலும் சிலிக்கான் ரப்பர். தையல் மிஷின் எண்ணெய் பெட்ரோலியத்துல வர்றது. சிலிக்கான் ரப்பர் அதைக் குடிச்சு ஊதிப்போகும். ஊதின ரிங், ஷாக்குக்குள்ள போய் வர்ற கம்பியை இறுக்கிப் பிடிச்சுக்கும். முதல் ரெண்டு நாள் நல்லா இருந்து அப்புறம் கெட்டதுங்கிறீங்களே, அது இதனாலதான். பைக் ஃபோர்க் ஆயிலும் இதே கதைதான், ஊத்திராதீங்க. சிலிக்கான் எண்ணெய் மட்டும்தான் இதுக்கு ஆகும்.

இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் முழுக்க வலது பக்கம் சாயும். அங்க ஏற்கெனவே 14 மிமீல உக்காந்திருக்கு, இன்னும் அமுங்க இடமில்லை. அடி தட்டுது, சக்கரம் மண்ணை விட்டுடுது, சுத்திக்குது. வலப்பக்கம் வளைச்சா பாரம் நல்லா வேலை செய்யற இடது ஷாக்குக்குப் போயிருது.

இனி செய்யற முறை. வலது ஷாக்கைக் கழட்டி ஸ்பிரிங்கை எடுத்துட்டு, கம்பியை விரலால மெதுவா இழுத்துத் தள்ளிப் பாருங்க. வெண்ணெயில கத்தி போற மாதிரி ஒரே சீரா போகணும். இடதையும் அதே மாதிரி பாருங்க, வித்தியாசம் கையிலேயே தெரியும். ரெண்டு ஸ்பிரிங்கையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு உயரம் ஒண்ணா இருக்கான்னும் பாருங்க. பழைய வண்டியில முன் ஸ்பிரிங்கைப் பின்னாடி மாட்டி வெச்சிருக்கறதை நான் ரெண்டு தடவை பார்த்திருக்கேன்.

ஓ-ரிங் மாத்தறப்போ ஒரு விசயம், கெஞ்சிக் கேட்டுக்கறேன். கம்பி அடியில இருக்கிற பால் கப்பை (ஷாக்கை வண்டியோட மாட்டற பிளாஸ்டிக் முனை) திருகிக் கழட்ட, கம்பியைக் கட்டிங் பிளேயரால நேராப் பிடிக்காதீங்க. பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுத்திப் பிடியுங்க. கம்பியில முடி அளவு கீறல் விழுந்தாலும் போதும், புது ரிங்கை ஒவ்வொரு தடவையும் அறுத்துக்கிட்டே இருக்கும். கம்பியைக் கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க. வளைவு இருந்தா குதிக்கிறது தெரியும். கம்பியை ரிங்குக்குள்ள விடும்போது மரைமேல ஒரு சொட்டு சிலிக்கான் எண்ணெய் தடவி மெதுவாத் திருகி விடுங்க. மரை பல்லு ரிங்கைக் கிழிச்சிரும்.

பழைய எண்ணெயைத் துடைச்சு, பாத்திரம் கழுவற சோப்பு போட்டு ஷாக் உடம்பைக் கழுவி நல்லாக் காய வையுங்க. புது எண்ணெய் ஊத்தினதும் பிஸ்டனை ஏழெட்டுத் தடவை மெல்ல மேலயும் கீழயும் ஆட்டுங்க, வேகமா ஆட்டினா நுரை கட்டிக்கும். அப்படியே நிமித்தி கால்மணி நேரம் வெச்சிருங்க. குமிழ் எல்லாம் ஏறினதும் விளிம்பு வரைக்கும் நிரப்பி, கம்பியைப் பாதி உள்ள தள்ளி மூடியைப் போடுங்க. மிச்ச எண்ணெய் வழியும், வழியட்டும். காத்து உள்ள நின்னா அமுக்கும்போது கொளக் கொளக்குன்னு சத்தம் வரும், அந்த இடத்துல தணிப்பே இருக்காது.

பின்னாடி ரெண்டையுமே திறந்து ஒரே பாட்டில் எண்ணெய் ஊத்துங்க. எண்ணெய் எவ்வளவு கெட்டின்னு பாட்டில்ல ரெண்டு விதமா எழுதியிருக்கும். டபிள்யூடி எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிஎஸ்டி எண்ணைப் பாருங்க. 350 சிஎஸ்டியில ஆரம்பிக்கலாம். உங்க ஊரு சித்திரை வெயில்ல எண்ணெய் இளகும், அப்போ 400, 450க்குப் போங்க. மூடின பிறகு ரெண்டு ஷாக்கையும் கம்பியோட கம்பி முட்ட வெச்சு அமுக்குங்க. ரெண்டும் ஒண்ணுபோல உள்ள போகணும். ஒண்ணு முந்தினா ரெண்டும் ஒண்ணா இல்லைன்னு அர்த்தம்.

கிளிப் பத்தி: கிளிப் போட்டா ஸ்பிரிங் கெட்டியாகும்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. ஆகாது. அதே ஸ்பிரிங்தான். 1 மிமீ அமுங்க எவ்வளவு பாரம் வேணுமோ அது மாறாது. வண்டி மேல எழும்பும், அவ்வளவுதான். ஷாக் ஆர்ம்ல (சக்கரத்தைத் தாங்கி மேல கீழ ஆடற கை) உள்பக்கமா உக்காந்திருக்கறதால 1 மிமீ கிளிப்புக்கு சேசிஸ் 1 மிமீக்கு மேலேயே எழும்பும். அளவுக்கு மீறி மாட்டினா சக்கரம் கீழ இறங்கறதுக்கு மிச்சமே இருக்காது. குழியில சக்கரம் தொங்காது, குதிச்சா தூக்கி அடிக்கும். நீங்க பார்த்தது அதைத்தான்.

சோழிங்கநல்லூர் மண்பாதை

லேத் அண்ணா சொன்னதுக்கு மேல ரெண்டு விஷயம்.

தளத்தை முதல்ல சரி பண்ணிக்கோங்க. வீட்டு டைல்ஸ் தரை சமமா இருக்காது, 2 மிமீ வித்தியாசம் அதுலேயே வந்துடும். நான் சமையலறை கிரானைட் மேடையில வெச்சுத்தான் அளப்பேன். பேட்டரி, பாடி எல்லாம் மாட்டி, பின்பக்கத்தை ஒரு சாண் தூக்கிப் போட்டு அளந்து எழுதுங்க. அடுத்து கையால மெல்லத் தூக்கி மெல்ல விட்டு மறுபடியும் அளங்க. இரண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் உரசல். அது 1 மிமீக்குள்ள வர்ற வரைக்கும் கிளிப்பைத் தொடாதீங்க, நீங்க அளக்கறது உயரமா உரசலான்னே தெரியாது.

அந்த உரசல் ஷாக்குல மட்டும் வராது. ஷாக்கைக் கழட்டியிருக்கும்போதே ஆர்மைக் கையால தூக்கி விட்டுப் பாருங்க, தன் எடையிலேயே தொப்புன்னு விழணும். விழலைன்னா ஹிஞ்ச் பின்ல (ஆர்ம் கீல் மாதிரி ஆடற கம்பி) கரம்பைத் தூசி அடைச்சிருக்கும், இல்லைன்னா பின் வளைஞ்சிருக்கும். கழட்டித் துடைச்சு உலர்ந்தபடியே மாட்டுங்க. எண்ணெய் போட்டா தூசி பசை மாதிரி ஒட்டிக்கும்.

எவ்வளவு உயரம்னு நீங்க கேட்கலை, ஆனா அடுத்து கேட்பீங்க. பின் டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுத்த வைக்கிற தண்டு) ரெண்டும் தரைக்குப் படுக்கையா நிக்கிற உயரத்துல ஆரம்பிங்க. உங்க மண்ணுக்கு 23, 24 மிமீ வரும்னு நினைக்கிறேன். கடைசியா, ஸ்குரூடிரைவர் நுனியைப் பின் பம்பருக்கு அடியில நட்ட நடுவுல வெச்சு மெல்லத் தூக்குங்க. ரெண்டு பின் சக்கரமும் ஒரே நேரத்துல தரையை விடணும். ஒண்ணு முந்தினா, அந்தப் பக்கம் பாரம் குறைவா இருக்கு. உயரம் மாறினா கேம்பரும் (சக்கரம் உள்ளயோ வெளியயோ சாயற கோணம்) மாறிடும், அதை எல்லாத்துக்கும் பிறகு பாருங்க.

கண்மாய்க்கரை (திருமங்கலம்)

அண்ணே, அக்கா, ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்துட்டேன். மகதான் எழுதுற வேலை பார்த்தா.

வலது ஓ-ரிங்கை வெளிய எடுத்து இடதோட ரிங் பக்கத்துல வெச்சேன். கண்ணாலேயே தெரியுது, அரிசிக்கும் ஊறின அரிசிக்கும் உள்ள வித்தியாசம். கம்பி நேராத்தான் இருக்கு, கண்ணாடியில உருட்டிப் பார்த்தேன். ஸ்பிரிங் உயரம் பார்க்கச் சொன்னது ரொம்ப நல்லதாப் போச்சு. வலது 3 மிமீ குட்டை. நண்பன்கிட்ட போன்ல கேட்டேன், எப்பவோ ஒண்ணு உடைஞ்சப்ப வேற வண்டியோடதை மாட்டினதாச் சொல்றான். பின் வலது ஹிஞ்ச் பின்லயும் மண் இருந்துச்சு, ஆர்ம் பாதியில நின்னுச்சு.

ரிங் நாலும் மாத்தி, ஸ்பிரிங் ஜோடியா வாங்கி, ரெண்டுலயும் 350 ஊத்தினேன். தூக்கிப் போட்டா 22, மெல்ல விட்டா 22.5, ரெண்டு பக்கமும். 1 மிமீ கிளிப் ஆளுக்கு ஒண்ணு மாட்டினதும் 23.5 வந்துச்சு, ஷாஃப்ட் படுக்கையா நிக்குது. ஸ்குரூடிரைவர் வெச்சுத் தூக்கினா ரெண்டு சக்கரமும் சேர்ந்து எழும்புது.

சாயங்காலம் கண்மாய்க்குக் கொண்டுபோனோம். குளம்புத் தடம் மேல போகும்போது சேசிஸ் ஆடாம சக்கரம் மட்டும் தனியா ஏறி இறங்குது. இப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. இடப்பக்கம் பத்துத் தடவை வளைச்சா, ஒரு தடவைகூட சுத்தலை. முன் ஷாக்குல நண்பன் என்ன எண்ணெய் ஊத்தினான்னு தெரியலை. அதையும் திறந்துரட்டாண்ணே?

பீளமேடு லேத்

திறந்துருங்க தம்பி. கசியலைன்னாலும் திறங்க. முன்னாடி பின்னாடியைவிட ஒரு படி கெட்டி எண்ணெய், 400 ஊத்தி ஓட்டிப் பாருங்க. முன் உயரம் 22 அப்படியே இருக்கட்டும். பாப்பாவுக்கு வளைவுல மூக்கு வெளிய தள்ளுதுன்னா மட்டும் முன்னாடி அரை மிமீ இறக்குங்க.