ஆபரேஷனில் அம்மாவின் பிபியை வேண்டுமென்றே இறக்குவார்களாம், சரியா?

திருப்பாதிரிப்புலியூர் மகள்:
அம்மாவுக்கு 58 வயது. மூக்கில் சதை வளர்ந்து ரெண்டு வருஷமாக வாசனையே தெரிவதில்லை. போன வாரம் கருவாட்டுக் குழம்பு அடிபிடித்து வீடே புகைந்தது, அடுப்பருகே நின்ற அம்மாவுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை பாண்டியில் எண்டோஸ்கோப்பி ஆபரேஷன். மயக்க மருந்து டாக்டர், "மருந்து கொடுத்து பிபியைக் கொஞ்சம் இறக்கி வைப்போம்" என்றார். அம்மா பத்து வருஷமாக பிபிக்கு டெல்மிசார்டன் மாத்திரை போடுகிறார். அப்பா போனதே பக்கவாதத்தில்தான். பிபி இறங்கினால் மூளைக்கு ரத்தம் போகுமா? கேட்க வாய் வரவில்லை, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

புதுச்சேரி மயக்கவியல் மருத்துவர்:
கட்டாயம் போய்க் கேளுங்கள். மூக்குக்குள் ஒரு சொட்டு ரத்தம் லென்ஸில் பட்டாலே திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். மெல்லிய எலும்புக்கு அந்தப் பக்கம் கண், மேலே மூளை. தெரியாமல் கருவியை நீட்டுவதுதான் எனக்குப் பயம். அதற்காகத்தான் இறக்குகிறோம்.

நாங்கள் பார்ப்பது சராசரி அழுத்தம். கீழ் எண்ணோடு, இரண்டு எண்களின் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் அது வரும்; 120/80 என்றால் 93. ஆரோக்கியமான இளைஞருக்கு 60, 65 வரை இறக்குவதுண்டு. உங்கள் அம்மாவுக்கு நான் அப்படிச் செய்யமாட்டேன். நாள்பட்ட பிபி உள்ளவரின் மூளை ரத்தக்குழாய்கள் கூடுதல் அழுத்தத்துக்கே பழகியவை. மற்றவர் தாங்கும் இறக்கத்தை அவை தாங்காது. அவருடைய வழக்கமான அளவை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதால், கையில் கட்டிய பட்டி காட்டுவதைவிட மூளையில் அழுத்தம் இன்னும் குறைவு. இதையும் கழித்துப் பார்ப்போம்.

புரோபோஃபால் என்ற மயக்க மருந்தும் ரெமிஃபென்டானில் என்ற வலி மருந்தும் கொடுத்து நாடித்துடிப்பை 60 பக்கம் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. வேண்டுமென்றால் நாடித்துடிப்பைக் குறைக்கும் எஸ்மோலால், நிறுத்தினால் சில நிமிடங்களில் அதன் வேகம் போய்விடும். முடிக்கும் முன் பிபியைப் பழைய நிலைக்கு ஏற்றி, எங்காவது கசிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுப்புவோம்.

அம்மாவுக்கு இதயம், சிறுநீரகம், கழுத்து ரத்தக்குழாய் ஏதாவது பிரச்சினை உண்டா, முன்பு வாய் கோணியதா, கை மரத்ததா? மறைக்காமல் சொல்லுங்கள். டெல்மிசார்டனைப் பெரும்பாலும் முந்தின நாளே நிறுத்தச் சொல்வோம். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மஞ்சக்குப்பம் வாசகி:
எனக்குக் காது ஆபரேஷனில் இப்படித்தான் செய்தார்கள் அக்கா. வீட்டில் பிபி பார்த்து எழுதிய நோட்டைக் கொண்டு போனேன், டாக்டர் அதைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தார்.

திருப்பாதிரிப்புலியூர் மகள்:
இன்று போய்க் கேட்டேன். அம்மாவுக்குச் சராசரி அழுத்தத்தை 75க்குக் கீழே விடமாட்டேன் என்றார் மயக்க மருந்து டாக்டர். நாலு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு இடது கை ஒரு மணி நேரம் மரத்துப் போனதையும் சொன்னேன். உடனே கழுத்து ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அது வந்த பிறகுதான் தேதி. வியாழன் இல்லை.