காச்சல்ல சோறே சாப்பிடல, சுகர் மட்டும் எப்படிங்க 286?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
வணக்கம்ங்க. அம்மாவுக்கு 61 வயசு, சுகர் வந்து 9 வருஷம் ஆச்சு. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் மூணும் போடறாங்க, இன்சுலின் ஊசி கிடையாது. வெறும் வயித்துல எப்பவும் 130, 140தான் இருக்கும். மூணு நாளா சளி, காச்சல் 101, ரெண்டு வாய் கஞ்சி உள்ள போறதே பெரும்பாடா இருக்கு, இன்னைக்குக் காலைல பாத்தா 286! மீட்டர் கெட்டுப்போச்சோன்னு என் விரல்ல குத்திப் பாத்தேன், எனக்கு 94தான் காட்டுது. அம்மா என்னடான்னா "சாப்பிடாம மாத்திரை போட்டா மயக்கம் வந்துரும்டி"ன்னு நேத்திருந்து எல்லாத்தையும் நிறுத்திப்போட்டாங்க. சரிங்களா அது? டாக்டர் பாலக்காட்ல, நாளைக்குத்தான் பாக்க முடியுமாம்.

ஊசிக்காரன்:
சோத்துல இருந்து மட்டும் சுகர் வர்றதில்லீங்க. காச்சல் வந்தா கார்டிசோல், அட்ரினலின்னு ஹார்மோன் எல்லாம் ஏறிக்கும், ஈரல் சேத்து வெச்சிருக்கற சர்க்கரைய ரத்தத்துல எடுத்து விட்டுரும், அதுக்கு மேல புதுசாவும் பண்ணும், போதாததுக்கு அந்த நேரம் பாத்து இன்சுலின் சொல்றத உடம்பு கேக்காது. பட்டினி கிடந்தாலும் 286 வரும். நான் 15 வருஷமா ஊசி போடறவன், ஒருக்கா வயித்தால போயி ஒண்ணும் சாப்பிடலையேன்னு ரெண்டு நாள் ஊசிய விட்டுட்டேன், ராத்திரி வாந்தி, மேல்மூச்சு கீழ்மூச்சு, கீட்டோன் ஏறிப்போச்சுன்னு (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்ப எரிக்கறப்ப ரத்தத்துல சேர்ற அமிலம்ங்க அது) நாலு நாள் ட்ரிப்ஸ்ல படுத்தேன். ஊசி போடறவங்க யாராவது இதப் படிச்சா, சாப்பிடலைன்னாலும் ஊசிய முழுசா நிறுத்திறாதீங்க, அளவ மட்டும் டாக்டர்கிட்டக் கேட்டு மாத்துங்க.

வாளையார் நர்ஸ்:
அம்மா பயந்ததுல பாதி சரிதான் கண்ணு. கிளிமிபிரைடு போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் கிடுகிடுன்னு இறங்கிரும். டாபா மாத்திரைய சாப்பாடு தண்ணி சரியா போகாதப்ப நிறுத்தி வெக்கத்தான் சொல்லுவாங்க, ஏன்னா மீட்டர்ல 180, 200ன்னு சாதுவா காட்டிட்டு இருக்கறப்பவே உள்ளுக்குள்ள கீட்டோன் ஏறிரும். மெட்ஃபார்மின் வாந்தி பேதி இருந்தா நிறுத்தணும், வெறும் சளின்னா பெரும்பாலும் தொடரச் சொல்லுவாங்க. ஆக மூணுக்கும் மூணு பதில், எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி வெச்சா எப்படி? நாளைக்குன்னு இருக்காம இன்னைக்கே போன் போட்டு ஒவ்வொண்ணாக் கேளுங்க. நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா குத்திப் பாருங்க, ராத்திரியும்தான். தண்ணிய மடக்கு மடக்கா குடுத்துட்டே இருங்க. வாந்தி நிக்கல, வயித்து வலி, மூச்சு வாங்குது, ஆள் அரைத்தூக்கமா இருக்காங்கன்னா மீட்டர்ல என்ன இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி. ஆமா, சளிக்கு என்ன குடுக்கறீங்க?

மலையடிவாரம்:
இங்கிலீஷ் மருந்தே வேண்டாம்ங்க, சுக்கு மிளகு திப்பிலி தட்டிப் போட்டு கருப்பட்டிக் காப்பி மூணு வேளை, சளி ஓடிரும்.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
அண்ணா அதத்தான் மூணு நாளா குடுத்துட்டு இருக்கேன், சீனி இல்லையே கருப்பட்டிதானேன்னு 🙈 அப்புறம் மெடிக்கல்ல ஒரு சிரப்பும், பேர் இல்லாத செட்டு மாத்திரையும் குடுத்தாங்க.

வாளையார் நர்ஸ்:
ஐயோ சாமி. கருப்பட்டியும் சர்க்கரைதான், ரத்தத்துக்கு நிறம் தெரியாது. பல சிரப்லயும் இனிப்புப் பாகு இருக்கும், சுகர் இல்லாத சிரப்னு கேட்டாக் குடுப்பாங்க. செட்டு மாத்திரைல என்னென்ன இருக்குன்னு பேர் எழுதி வாங்குங்க, டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஸ்டீராய்டு இருந்தா அதுவே சுகரத் தூக்கி நிறுத்திரும். இன்னொண்ணு, குத்தறதுக்கு முன்னாடி அம்மா கைய கழுவினாங்களா?

கொழிஞ்சாம்பாறைக்காரி:
கழுவலைங்க. கருப்பட்டிய அவங்கதான் கையால உடைச்சு டம்ளர்ல போடுவாங்க, விரல் நுனியெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சு. இப்ப சோப்புப் போட்டு நல்லா தொடைச்சுட்டுப் பாத்தேன், 238. விரல்ல ஒட்டுன கருப்பட்டியையும் சேத்து அளந்திருக்கேன் போல!

ஊசிக்காரன்:
238ம் கம்மியில்ல, விட்டுறாதீங்க. ஆனா ஒருவேளை 70க்குக் கீழ போச்சுன்னா அப்ப மூணு ஸ்பூன் சர்க்கரையக் கரைச்சு உடனே குடுக்கணும், 15 நிமிஷம் கழிச்சு மறுபடி குத்திப் பாக்கணும். எங்க வீட்ல ஒருக்கா அந்த நேரம் பாத்து சக்கரை இல்லாத காப்பி கொண்டாந்து நீட்டினாங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரி:
டாக்டர் போன்ல கிடைச்சுட்டாருங்க. டாபா மாத்திரை நல்லா சாப்பிடற வரைக்கும் வேண்டாம், கிளிமிபிரைடு இன்னைக்கு வேண்டாம், மெட்ஃபார்மின் கஞ்சிக்கப்புறம் போடலாம்னாரு. செட்டு மாத்திரை பேரக் கேட்டுட்டு, அத விட்டுருங்கன்னுட்டாரு. சாயங்காலம் ரத்தத்துல கீட்டோன் பாக்க வரச் சொல்லியிருக்காரு. அம்மாகிட்ட போனக் குடுத்தா "பனி எத்ர திவசமாயி"ன்னு கேட்டிருக்காரு, மலையாளத்துல பனின்னா காச்சல்ங்க, உடுமலைல இருந்து வாக்கப்பட்டு வந்து 40 வருஷம் ஆச்சு, இன்னும் "இப்பென்னங்க பனி, வெயில்தான் கொளுத்துது"ங்கறாங்க 😂 கருப்பட்டி டப்பாவ அட்டாலில ஏத்திட்டேன், அதுக்குத்தான் இப்ப என்கிட்ட பேச்சில்ல.