மடல் இழை: பேட்டரி இறங்குமுன் டேஷ்கேமை நிறுத்தும் அந்த எண்ணுக்கு என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

டேஷ்கேம் (வண்டியிலிருந்து சாலையைப் பதிவுசெய்யும் கேமரா) பொருத்தும் கையேட்டுக்காகக் கேட்ட சொல்லுக்கு இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன: தாழ் மின்னழுத்தத் துண்டிப்பு, குறைமின் காப்பான், மின்கலக் காவலன். மூன்றும் எனக்கு உவப்பாயில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், பொருள் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒருமுறை பார்த்துவிடலாம். சொல்லைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், பொருளைப் பற்றிப் பேசவில்லை.

சாவியை எடுத்த பிறகும் கேமரா ஓடவேண்டுமென்றால் சிகரெட் லைட்டர் சாக்கெட் பல வண்டிகளில் உதவாது. சாவியோடு அதுவும் அணைந்துவிடும். அதனால் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து ஒயர் எடுக்கிறோம். கடையில் கிடைக்கும் கிட்டில் பெரும்பாலும் மூன்று ஒயர்கள் இருக்கும். ஒன்று எப்போதும் மின்சாரம் இருக்கும் லைனுக்கு, ஒன்று சாவி போட்டால் மட்டும் வரும் லைனுக்கு, ஒன்று பாடி எர்த்துக்கு, அதாவது வண்டியின் உலோக உடலுக்கு. நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கிக் கேமராவுக்குத் தருவது அதன் முதல் வேலை. நாம் பெயர் தேடுவது இரண்டாவது வேலைக்கு. வண்டி நிற்கும்போது பேட்டரியின் வோல்டேஜை அது பார்த்துக்கொண்டே இருக்கும். ஓர் எண்ணுக்குக் கீழே போனதும் கேமராவுக்குப் போவதை நிறுத்தும். அந்த எண்ணை 11.6, 11.8, 12.0, 12.2 என்பதுபோல் சிலவற்றில் ஒன்றாக நாம் தேர்ந்து வைக்கலாம்.

எண்கள் அருகருகே இருப்பதால் எதை வைத்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஈய அமில பேட்டரியில் ஆறு செல். முழு சார்ஜில், ஓய்வாக இருக்கும்போது 12.6, 12.7 காட்டும். 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால் பங்கு; 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால். அரை வோல்ட்டுச் சொச்சத்துக்குள் முக்கால் பேட்டரி காலி. 11.6-இல் வைத்தவருக்கு நிறைய நேரம் பதிவு கிடைக்கும், காலையில் செல்ஃப் எடுக்காது.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். சிறிய ஹேட்ச்பேக்கில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். கேமரா 0.3 ஆம்பியர் எடுத்தால் 12 மணி நேர இரவில் 3.6 ஆம்பியர்-மணி, அதாவது பத்தில் ஒரு பங்கு. வெள்ளி மாலை நிறுத்தித் திங்கள் காலை எடுத்தால் 60 மணி நேரம், 18 ஆம்பியர்-மணி. பாதி போயிற்று. இதுவும் புது பேட்டரிக்கான கணக்கு. நம் ஊர் வெயிலில் சில கோடைகளைக் கண்ட பேட்டரிக்கு 35 என்பது மேலே ஒட்டிய காகிதத்தில் மட்டும் இருக்கும்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். முதல் சொல்லுக்கு ஆதரவாக வந்த வரி:

> தாழ் மின்னழுத்தத் துண்டிப்பு என்பதே துல்லியம். நீளம் ஒரு குறையல்ல.

துல்லியம்தான். ஆனால் ‘தாழ் மின்னழுத்தத் துண்டிப்பை 12.2-இல் வை’ என்று யாரும் சொல்லப்போவதில்லை. கட்-ஆஃப் என்றே சொல்வார்கள். நம் ஊரில் கட்-ஆஃப் என்றாலே பொறியியல் சேர்க்கைதான் நினைவுக்கு வரும். அதற்கே இத்தனை ஆண்டுகளில் ஒரு தமிழ்ச்சொல் புழக்கத்துக்கு வரவில்லை. நீளமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

காப்பான், காவலன் இரண்டிலும் வேறு சிக்கல். அவை கருவிக்கு ஆகும், எண்ணுக்கு ஆகா. ‘காவலனை 12.2-இல் வை’ என்பதில் ஒட்டு இல்லை. அதோடு, காவலன் என்றதும் பேட்டரிக்கு இனி ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை வந்துவிடும். கிட் தடுப்பது கேமராவின் செலவை மட்டும். வண்டியின் சொந்தச் செலவை, அதாவது அலாரம், ரிமோட் பூட்டு, கடிகாரம் எல்லாம் சேர்ந்து இழுக்கும் 20, 30 மில்லியாம்பியரை, அது தொடவே தொடாது.

என் பரிந்துரை: எண்ணுக்கு வெட்டுவரம்பு. செயலுக்கு வெறும் வெட்டு போதும். வெட்டிய, வெட்டுகிற, வெட்டும் வரம்பு என்று விரியும் வினைத்தொகை. ‘வெட்டுவரம்பை 12.2-இல் வை’, ‘இந்தக் கிட்டில் வெட்டு வேலை செய்யவில்லை’ என்று பேச்சிலும் நிற்கும்.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம்: வெட்டு என்றால் மின்வெட்டு நினைவு வரும். எதிர்மறையான சொல்.

வரட்டும், அதற்காகவே கேட்கிறேன். மின்வெட்டு என்பதும் இதே காரியம்தான்: தேவை கூடி மின்தொகுப்பு தாங்காதபோது சில பகுதிகளை நிறுத்தி முழுத் தொகுப்பையும் நிற்கவைப்பது. அப்படிச் சுமையை இறக்கி நிலைமையைத் தாங்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வடஇந்தியா கண்டது. இங்கே கேமரா ஒரு பகுதி, ஸ்டார்ட்டர் மோட்டார் காப்பாற்ற வேண்டிய தொகுப்பு. பதிவு நின்றுபோகும் என்ற இழப்பும் பெயரில் தெரிய வேண்டும். காவலன் அதை மறைக்கிறது.

இன்னொரு எண்ணும் இருக்கிறது, அதற்கும் பெயர் வேண்டும். சுமையை எடுத்ததும் பேட்டரியின் வோல்டேஜ் தானே கொஞ்சம் ஏறும். 12.2-இல் வெட்டினால் சிறிது நேரத்தில் 12.3 காட்டும். ஒரே எண்ணை வைத்து வேலை செய்தால் கேமரா மறுபடி உயிர்பெறும், வோல்டேஜ் இறங்கும், மறுபடி வெட்டும், இரவு முழுக்க இதே கூத்து. அதனால் சரியாகச் செய்யப்பட்ட கிட், சாவி லைன் உயிர்பெறும்வரையோ, வோல்டேஜ் நன்றாக மேலே போகும்வரையோ திரும்ப இணைக்காது. ஓடும் இன்ஜினில் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் 13.5 முதல் 14.5 வரை தரும் என்பதால், வண்டி ஓடுகிறதா என்று அறிவது எளிது. இந்த மேல் எண்ணுக்கு மீள்வரம்பு. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்குத் தனிச்சொல் தேவையா என்று பாருங்கள். ‘இடைவெளி’ போதும் என்பது என் கருத்து.

செல்ஃப் அடிக்கும் கணத்தில் வோல்டேஜ் 10 வரைகூட விழும். அதைப் பார்த்து வெட்டிவிடாமல் பெட்டி சில நொடி பொறுக்கும். அதற்குக் ‘காத்திருப்பு’ என்றே எழுதலாம்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன், திருச்சி

—

ஐயா வணக்கம்ங்க. கோயமுத்தூர்ல ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறை வெச்சிருக்கறவன். எழுத்தெல்லாம் நமக்கு வராதுங்க, ஆனா ஒண்ணு சொல்லோணும்.

வெட்டுவரம்பு நல்லாத்தான் இருக்குது. கஸ்டமரு ‘எத்தனைல கட் ஆகும்’னு கேப்பாங்க, ‘வெட்டு எத்தனைல’ன்னு கேக்கறதுக்கு ஒண்ணும் கஷ்டமில்லீங்க. ஆனா முந்தின மடல்ல ஒருத்தரு இந்த ஒயரிங் வேலைக்கு ‘நேரிணைப்பு’ன்னு போட்டிருந்தாரு. அத மட்டும் வேண்டாம்ங்க. எங்க லைன்ல ‘டைரக்ட் குடுத்துட்டேன்’னா ஃபியூஸ் இல்லாம பேட்டரி டெர்மினல்ல நேரா மாட்டிட்டான்னு அர்த்தம். ஒயர் எங்கியாவது உராஞ்சு பாடில பட்டா தீப்புடிக்கும். கையேட்டப் படிக்கற பையன் அதையே செஞ்சு வெப்பான்.

அப்பறம் வோல்டேஜ் கணக்கு. கிட்டு பாக்கறது பேட்டரில இருக்கற வோல்டேஜ் இல்லீங்க, அது மாட்டுன எடத்துல வர்ற வோல்டேஜ். ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் எடத்துல சொருகி ஒயர் எடுக்கறது) லூஸா இருந்தாலோ, எர்த்து பெயிண்டு மேல புடிச்சிருந்தாலோ 0.1, 0.2 கம்மியாக் காட்டும். நீங்களே சொல்றீங்க 0.2-க்குள்ள கால் பேட்டரி இருக்குதுன்னு. பாதி பேரு ‘கிட்டு சீக்கிரம் கட் ஆகுது’ன்னு வர்றது இதனாலதான். போல்ட்டுக்கு அடில சுரண்டிட்டு எர்த்து புடிச்சா சரியாப் போயிரும். மீட்டர் வெச்சுப் பாக்கறவங்களும் வண்டிய ஆஃப் பண்ண ஒடனே பாக்கக்கூடாதுங்க, அப்ப ஏறித்தான் காட்டும். ஒரு ராத்திரி விட்டுப் பாக்கோணும்.

நெகட்டிவ் டெர்மினல்ல கரண்ட் அளக்கற சென்சார் இருக்கற வண்டில எர்த்தை டெர்மினல்ல போடாதீங்க, பாடில போடுங்க. இல்லீன்னா கேமரா இழுக்கறது வண்டிக் கம்ப்யூட்டருக்குத் தெரியாமப் போயிரும். ஏர்பேக் ஃபியூஸ்ல கைய வெக்காதீங்க. கண்ணாடி ஓரத்துப் பில்லர்ல ஒயர ஏர்பேக்குக்குப் பின்னாடிதான் விடோணும், முன்னாடி விட்டா அது விரியறப்ப ஒயரு குறுக்க நிக்கும். இதுக்கெல்லாம் பேரு வேண்டாம்ங்க, எழுதுனாப் போதும்.

—

வணக்கம். ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன்.

கமரா, பற்றரி என்று எழுதிப் பழகியவர்கள் நாங்கள். வோல்டேஜை வோல்ற்றளவு என்று படித்தோம். சொல் எங்களுக்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்பதால் தலையிடுகிறேன். மின்வெட்டு என்பது எங்களுக்கும் நன்றாகத் தெரிந்த சொல்தான், 2022-இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை வெட்டிய இலங்கை நாட்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஆகவே ‘வெட்டு’ பற்றி மறுப்பு இல்லை.

எனது சந்தேகம் ‘வரம்பு’ பற்றியது. வரம்பு என்றால் மாறாத கோடு என்று எடுப்பார்கள். இங்கே பனிக்காலத்தில் 12.2 போதாது. குளிரில் பற்றரியால் தரக்கூடியது சுருங்கும், எண்ணெய் தடித்து இன்ஜின் சுற்றக் கூடுதல் வலு கேட்கும். பற்றரியில் எழுதியிருக்கும் குளிர்த்தொடக்க அம்பியர் −18 பாகையில் அளக்கப்படுவது அதற்காகத்தான். நான் மார்கழியில் எண்ணைக் கூட்டி வைத்து, வெயில் வந்ததும் குறைப்பேன். அதோடு இலிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி போட்டவர்களுக்கு உங்கள் எண்கள் ஒன்றும் பொருந்தா. அதில் பெரும்பகுதி சார்ஜுக்கு 13.2, 13.3 என்று தட்டையாக நின்று, முடிவில் திடீரென்று விழும். 12.0 காட்டும்போது பற்றரி ஏறக்குறைய வெறுமை. ‘வெட்டுநிலை’ என்றால் நெகிழ்வாக இருக்காதா?

—

இருவருக்கும் நன்றி.

பட்டறை நண்பர் சொன்ன ‘டைரக்ட்’ விஷயம் எல்லாவற்றையும்விட முக்கியம். நேரிணைப்பை எடுத்துவிடுவோம். செருகிக் கழற்றுவது செருகிணைப்பு என்றால், இது நிலையிணைப்பு. ஃபியூஸ் வழியாகத்தான் என்பதை வரையறையிலேயே எழுதிவிடலாம். அவர் மடலின் கடைசி இரண்டு பத்திகளை அவர் மொழியிலேயே கையேட்டின் பெட்டிச் செய்தியாகப் போடவும் அனுமதி கேட்கிறேன்.

வெட்டுநிலைக்கு நான் உடன்படவில்லை. நிலை என்றால் வெட்டப்பட்டிருக்கும் நிலை என்றும் படிக்கலாம். ‘கேமரா வெட்டுநிலையில் உள்ளது’ என்று ஒருவர் எழுத, எண்ணா நிலைமையா என்று இன்னொருவர் குழம்புவார். வரம்பு மாறக்கூடாது என்றும் இல்லை. வருமான வரி விலக்கு வரம்பை எத்தனை முறை மாற்றியிருக்கிறார்கள்! ஆனால் குளிர், பேட்டரி வகை இரண்டும் சொன்னது சரி. வரையறைக்குள் எந்த எண்ணும் வரக்கூடாது. வரைவு இதோ:

வெட்டுவரம்பு: நிறுத்திய வண்டியில், பேட்டரியின் வோல்டேஜ் எந்த அளவுக்குக் கீழே போனால் துணைக்கருவிக்கான மின்சாரம் நிறுத்தப்படுமோ அந்த அளவு. இன்ஜினைக் கிளப்புவதற்கான மின்சாரத்தை மிச்சம் வைப்பதற்காகப் பயனர் தேர்ந்து வைப்பது. பேட்டரியின் வகை, வயது, குளிர் ஆகியவற்றுக்கு ஏற்ப மாற்றத்தக்கது.

மீள்வரம்பு: வெட்டப்பட்ட கருவிக்கு மின்சாரம் மறுபடி கிடைக்க, வோல்டேஜ் எட்டவேண்டிய அளவு. எப்போதும் வெட்டுவரம்பைவிட உயரம்.

12.0, 12.2 என்ற எண்களை ஈய அமில பேட்டரிக்கான அட்டவணையில் மட்டும் வைப்போம். லாரி, பேருந்துகளின் 24 வோல்ட்டுக்கு இரட்டிப்பாக 24.0, 24.4 என்று இன்னொரு வரிசை.

மீதமிருப்பது ஒன்று: சாவி போட்டால் வரும் அந்த லைன். பட்டறைகளில் கீ லைன் என்கிறார்கள், நான் மேலே சாவி லைன் என்று எழுதினேன். பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவி திருகுவதே இல்லை என்று யாராவது சொல்லப்போகிறீர்கள், தெரியும். ‘விழிப்பு லைன்’ என்று ஒரு யோசனை. வண்டி விழித்திருக்கும்போது மட்டும் உயிருள்ளது என்ற பொருளில். எப்போதும் உயிருள்ளதை ‘நிலை லைன்’ எனலாம், நிலையிணைப்போடு மோதுகிறதா பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் இரண்டையும் கையேட்டின் படத்தில் எழுதி அனுப்பிவிடுவேன்.