அப்பா அரை மணி நேரம் நடந்தும் வாட்சில் 140 காலடிதான். எப்படிச் சரிசெய்வது?

மகள், திருச்சி:
அப்பாவுக்கு 67 வயது, நுரையீரல் புற்றுநோய். 21 நாளுக்கு ஒருமுறை கீமோ, மூன்று முடிந்துவிட்டது. தினமும் எவ்வளவு நடக்கிறார் என்று குறித்து வரச் சொன்னார் டாக்டர். அதற்காக ஸ்மார்ட் வாட்ச் வாங்கி இடது கையில் கட்டிவிட்டோம். நேற்று மாலை மொட்டைமாடியில் என் கண்ணெதிரே அரை மணி நேரம் நடந்தார். வாட்சில் ஏறியது 140. மதியம் கரண்ட் போய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் 300 ஏறியிருக்கிறது! ஆப்பை அழித்துத் திரும்பப் போட்டேன், பட்டையை இறுக்கினேன், ஒன்றும் மாறவில்லை. “அப்ப நான் நடந்ததே பொய்யா?” என்று கேட்டுவிட்டு அப்பா வாட்சைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பிசியோ, கோவை:
வாட்ச் பழுதாகியிருக்காது. நடக்கும்போது அப்பா கையை எப்படி வைத்துக்கொள்வார்? கரண்ட் போனபோது கையில் ஏதாவது வைத்திருந்தாரா?

மகள், திருச்சி:
வாத்தியாராக இருந்தவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். மதியம் பனையோலை விசிறி வைத்திருந்தார். வலது கையில் ஊசி போட்ட இடம் வலித்ததால் இடது கையால் விசிறினார்.

பிசியோ, கோவை:
அதேதான். வாட்ச் எண்ணுவது கையின் ஆட்டத்தை. கை அசையாவிட்டால் நடந்தாலும் சரியாக எண்ணாது, விசிறினால் அதையும் நடையாக எடுத்துக்கொள்ளும். மெதுவாக நடப்பவர்கள், வாக்கர் பிடிப்பவர்கள், கைப்பிடிச் சுவரைத் தொட்டபடி நடப்பவர்கள் எல்லோருக்கும் கணக்குக் குறையும். ஆராய்ச்சிகளில் நடையை அளக்கும் ஆக்டிகிராஃப் கருவியை இடுப்பில் கட்டுவதும் ஆக்டிவ்பால் கருவியைத் தொடையில் ஒட்டுவதும் இதனால்தான். தொடையில் ஒட்டுவது, உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா என்றும் பிரித்துச் சொல்லும்.

வீட்டில் இடுப்பில் செருகும் சாதாரண பெடோமீட்டர் (காலடி எண்ணும் கருவி) போதும். வாட்சையே இடுப்பில் வைத்துப் பார்க்கலாம், ஆனால் சில வாட்ச்கள் தோலில் படாவிட்டால் கழற்றிவிட்டதாக நினைத்து எண்ணுவதை நிறுத்திவிடும். எதுவானாலும் முதலில் சோதியுங்கள்: அப்பா வழக்கம்போல நடக்கட்டும், நீங்கள் மனசுக்குள் 100 காலடி எண்ணுங்கள், அப்புறம் கருவியைப் பாருங்கள். அவரை எண்ணச் சொல்லாதீர்கள், மூச்சு வாங்கும்.

புற்றுநோயாளி ஒருவரின் மனைவி, சேலம்:
ஆப்பில் 10,000 என்ற இலக்கை முதலில் எடுத்துவிடுங்கள் தங்கச்சி. என் கணவர் அதைப் பார்த்துப் பார்த்தே சோர்ந்துபோனார். அந்த எண் புற்றுநோய்க்காரர்களுக்காக வந்ததே இல்லை. 1965இல் ஜப்பானில் விற்ற ‘மான்போ-கெய்’ என்ற பெடோமீட்டரின் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்றுதான் அர்த்தம். அங்கிருந்து பரவியது.

செவிலியர், மதுரை:
ஒருநாள் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது. குறைந்தது நான்கு நாளாவது, ஒவ்வொரு நாளும் பத்து மணி நேரமாவது கருவி உடம்பில் இருக்கட்டும். கீமோ போட்ட நாளை நோட்டில் வட்டம் போடுங்கள். கீமோவுக்குப் பிந்தைய வாரத்தில் பலருக்கு நடை குறையும். அதைப் போன சுற்றின் அதே வாரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மூன்றாவது வாரமும் ஏறவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தசோகையாக இருக்கலாம், கால் மரத்துப்போயிருக்கலாம். சோம்பல் என்று நினைத்து அவரை விரட்டாதீர்கள். பகலில் விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிகிறதா என்றும் எழுதுங்கள். சிகிச்சையை முடிவுசெய்யும்போது டாக்டர்கள் கேட்பது அதைத்தான். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ நோட்டை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மகள், திருச்சி:
இன்று சோதித்தேன். நான் எண்ணியது 100. கையைப் பின்னால் கட்டி நடந்தபோது வாட்சில் 14. எதிர்வீட்டுத் தாத்தாவின் பழைய பெடோமீட்டரை அரைஞாண் கயிற்றில் மாட்டியபோது 93! அப்பா அதைக் கையில் வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். நோட்டில் முதல் எண்ணை அவரே எழுதினார்.