பினாங்கு நாடகப் பருவத்துக்கு நடிகர் தேர்வு: தோட்டத்து மேடை அனுபவத்தை மட்டும் வைத்துக்கொண்டு போகலாமா?

செம்பனைக் கிராணி (சுங்கை சிப்புட்):

எல்லாருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணியாக வேலை செய்கிறேன். குலை ஏற்றிய லாரிகள் வந்தால் எடையைப் பதிந்து ரசீது கொடுப்பது என் வேலை. வயது 26.

பினாங்கில் ஒரு நாடகக் குழு அடுத்த பருவத்துக்கு நடிகர்களைத் தேடுகிறது. மூன்று நாடகங்கள். ஒன்று மலாய், ஒன்று ஆங்கிலம், மூன்றாவது தமிழும் மலாயும் கலந்தது, அதில் பாட்டும் உண்டு. மூன்றுக்கும் சேர்த்து ஒரே தேர்வு. தேர்வாகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு என்று அறிவிப்பிலேயே போட்டிருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு தனிவசனங்கள் கேட்கிறார்கள். இரண்டும் சேர்ந்து மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது, ஒன்றாவது அச்சில் வந்த நாடகத்திலிருந்து இருக்க வேண்டும், மொழி எதுவானாலும் சரி. பாடத் தெரிந்தவர்கள் 16 பார் (மேற்கத்திய இசையில் தாளத்தை எண்ணும் அளவு) நீளத்துக்கு ஒரு பாட்டுப் பாடலாம், பியானோ வாசிக்க ஆள் இருப்பார். புகைப்படம், ஒரு பக்க அனுபவக் குறிப்பு, ஒத்திகைக்கு வர முடியாத நாட்களின் பட்டியல் ஆகியவற்றையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

என் அனுபவம் இவ்வளவுதான்: தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் அப்பா எழுதி இயக்கும் நாடகங்கள், தமிழ்ப்பள்ளி மேடையில் கண்ணகி, இடைநிலைப் பள்ளியில் மலாய் நாடகப் போட்டி. நடிப்பை முறையாகப் படித்ததில்லை. தேவாரமும் பஜனையும் பாடுவேன். சுருதிப் பெட்டியோடு பாடித்தான் பழக்கம், மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது.

என்னை உறுத்துவது என் குரல். எங்கள் மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடும், முன்னால் பிள்ளைகள் ஓடுவார்கள், கோயில் பக்கம் மேளம் கேட்கும். இத்தனைக்கும் மேல் கடைசியில் நிற்கும் பாட்டிக்கு வசனம் கேட்க வேண்டும் என்று அப்பா பழக்கினார். கல்லூரியில் நாடகம் படித்த தோழி ஒருத்தி, தொழில்முறை மேடையில் இது மிகையாகத் தெரியும், குரலை மாற்றிக்கொண்டு போ என்கிறாள். இருக்கிற சில வாரங்களில் குரலை எப்படி மாற்றுவது? ஆங்கிலமும் எனக்குத் தயங்கித் தயங்கித்தான் வரும்.

நடிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிற இடம் எங்கள் ஊர்ப்பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. தேர்வுக்குப் போய் வந்தவர்கள், தேர்வு நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சாலாக் ரயிலடி:

அக்கா, நடிப்பைப் பற்றி எனக்குத் தெரியாது, வழியைச் சொல்கிறேன். சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். மின்ரயில் ஏறி பட்டர்வொர்த்தில் இறங்கினால் பெரி துறைக்கு நடந்தே போய்விடலாம். பெரி ஏறினால் ஜார்ஜ் டவுன். எந்த ரயில் நம் ஊரில் நிற்கிறது என்று முன்கூட்டியே பார்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள், விடுமுறைக் காலத்தில் இடம் கிடைக்காது. காலைத் தேர்வு என்றால் முதல் நாளே போய்த் தங்கிவிடுவது நல்லது. ரயில் தாமதமானால் அந்தப் பதற்றம் குரலில் தெரியும் அல்லவா?

மேடைக்காரி (கோலாலம்பூர்):

தங்கச்சி, நானும் தோட்டத்துப் பிள்ளைதான். பத்தாங் பெர்ஜுந்தை, 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய ஊர். அப்பா பால்மரம் சீவியவர். இன்று நடித்துத்தான் சாப்பிடுகிறேன். தேர்வுக் குழுவின் மேசைக்குப் பின்னாலும் உட்கார்ந்திருக்கிறேன்.

குரலை மாற்றாதே. உன் தோழி நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாள், ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்களின் கணக்கு வேறு. பெரிய குரலைத் தணிக்கச் சொல்ல ஒரு வார்த்தை போதும். இல்லாத குரலை ஒத்திகைக் காலத்துக்குள் யாராலும் உண்டாக்கித் தர முடியாது. மைக் இல்லாமல் கடைசி வரிசை வரைக்கும் சொல் தேயாமல் போகிறது என்றால், பணம் கட்டிப் படித்தவர்களே அதற்காக ஆண்டுக்கணக்கில் பாடுபடுகிறார்கள். உன் அப்பா உனக்குக் கொடுத்திருப்பது சீதனம்.

நீ பார்க்க வேண்டியது அறையின் அளவை. தேர்வு பெரும்பாலும் ஒத்திகை அறையில்தான் நடக்கும், குழு நாலைந்து மீட்டர் தூரத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் ஒரு வசனத்தைத் தணிந்த குரலில் எடு, மற்றொன்றில் முழுக் குரலையும் திறந்துவிடு. மாறுபட்ட இரண்டு என்றால் ஒன்று அழுகை, ஒன்று சிரிப்பு என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நான் மேசையில் உட்கார்ந்தபோது தேடியது அதை அல்ல. ஒன்றில் இவள் எதையோ மறைக்கிறாள், மற்றொன்றில் எதையும் மறைக்க முடியாமல் நிற்கிறாள், அந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கின்றனவா என்று பார்த்தேன். தணிந்த வசனத்தை வீட்டில் அம்மா காய் நறுக்கும்போது எதிரே நின்று சொல்லிப் பார். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்த்தால் வந்துவிட்டது.

கண்ணகியை எடுக்கலாமா என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் எடுப்பாய் என்று தோன்றுகிறது. வேண்டாம். அரசவையில் சிலம்போடு நிற்கிற கண்ணகி முதல் வரியிலேயே உச்சியில் நிற்கிறாள், ஒன்றரை நிமிடத்தில் அதற்கு மேல் ஏற உனக்கு இடமில்லை. எதிரில் இருப்பவரிடம் ஏதோ ஒன்று வேண்டும், அது கிடைக்குமா என்று தெரியவில்லை, கேட்கக் கேட்க வழியை மாற்றிப் பார்க்கிறாள் என்று போகும் பேச்சாகத் தேடு. பாத்திரம் உன் வயதை ஒட்டி இருக்கட்டும். முழு நாடகத்தையும் படித்துவிட்டுப் போ, ஏனென்றால் இவள் யாரிடம் பேசுகிறாள், ஏன் இப்போது பேசுகிறாள் என்று கேட்பார்கள். ஒன்றைத் தமிழிலும் ஒன்றை மலாயிலும் செய். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து ஒப்பிக்காதே.

மூன்று நிமிடம் என்றால் இரண்டே முக்கால் நிமிடத்தில் முடிகிற மாதிரி வெட்டிக்கொள். நேரம் ஆனதும் நடுவிலேயே நன்றி சொல்லி நிறுத்துவார்கள், அது உன்னைப் பற்றிய தீர்ப்பல்ல, வெளியே இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் பெயர், நாடகம், பாத்திரம் இந்த மூன்றையும் சொல். தொண்டை சரியில்லை, பயணக் களைப்பு என்று எதையும் சொல்லாதே. குழுவின் கண்ணைப் பார்த்து வசனம் பேசாதே, அவர்கள் எழுத வேண்டியிருக்கும், உனக்கு எதிர்ப்பாத்திரமாக நடிக்க வேண்டிய கட்டாயத்தில் அவர்களை வைக்கக் கூடாது. அவர்கள் தலைக்குச் சற்று மேலே சுவரில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள், நீ பேசுகிற ஆள் அங்கே நிற்கிறார்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. வசனம் முடிந்ததும் இயக்குநர், "அதையே தூங்குகிற குழந்தை விழித்துவிடாமல் சொல்லுங்கள்" என்பது போல எதையாவது சொல்லலாம். பலர் அங்கேதான் உடைந்துபோகிறார்கள். முதலில் செய்தது தப்பு என்று நினைத்துக்கொண்டு, அதையே கொஞ்சம் மெதுவாகத் திருப்பிச் செய்கிறார்கள். தப்பு என்றால் திரும்பச் செய்யச் சொல்லவே மாட்டார்கள், நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். வாரக்கணக்கில் இவளோடு ஓர் அறையில் வேலை செய்ய முடியுமா, சொன்னதைக் கேட்டு மாறுவாளா என்று பார்க்கிறார்கள். அப்பாவிடம் சொல்லி, நீ எதிர்பாராத மாதிரி ஏதாவது கட்டளை போடச் சொல். கோபமான வசனத்தைச் சிரித்துக்கொண்டே சொல்லச் சொல்லட்டும், கெஞ்சுகிற வசனத்தை எஜமானியைப் போலச் சொல்லச் சொல்லட்டும். தயங்காமல் உடனே முழுதாக மாறிப் பழகு.

பாட்டைப் பற்றி: நான்கு எண்ணிக்கைக் கணக்கில் 16 பார் என்றால் 64 எண்ணிக்கை. உனக்குத் தெரிந்த ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனம், சாதாரண வேகத்தில் அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஆலாபனைக்கு இடமில்லை, சொல் இருக்கிற இடத்திலிருந்து தொடங்கு. ஐந்து கட்டைச் சுருதியில் பாடுகிறாய் என்றால் பியானோக்காரரிடம் "ஜி" என்று சொல், நாலு கட்டை என்றால் "எப்". கீபோர்டு சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர் ஒருவரிடம் பாடிக் காட்டினால் அந்தப் பகுதியைத் தாளில் எழுதிக் கொடுப்பார். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் சுருதிப் பெட்டியோடு பாடலாமா என்று இப்போதே குழுவுக்கு எழுதிக் கேள். அன்றைக்குப் போய் நின்று கேட்காதே.

விளக்குப் பலகை (ஈப்போ):

அம்மா, நான் மேடை நிர்வாகி. மேடைக்காரி சகோதரி சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ஆங்கிலத்தை அப்படியே ஒதுக்கிவிடாதீர்கள். தனிவசனத்துக்கு வேண்டாம், சரி. ஆனால் இரண்டாம் முறை அழைத்தால் அங்கேயே காட்சித் தாளைக் கையில் கொடுத்து இன்னொருவரோடு படிக்கச் சொல்வார்கள். அது ஆங்கிலத் தாளாகவும் இருக்கலாம். தினமும் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படியுங்கள். ஒரு வரியைக் கண்ணால் எடுத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி எதிரில் இருப்பவரிடம் சொல்லிப் பழகுங்கள். உச்சரிப்பு நம் ஊர் உச்சரிப்பாக இருந்தால் எந்தக் குறையும் இல்லை. தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டால்தான் குறை.

இனி, வர முடியாத நாட்களின் பட்டியல். இதை ஒரு சடங்கு என்று நினைத்துக் காலியாக விட்டுவிடுகிறார்கள். தேர்வு முடிந்த பிறகு நாங்கள் முதலில் எடுத்துப் பார்க்கும் தாள் அதுதான். சம அளவில் நடித்த இருவரில் எந்த நாளில் யார் இருப்பார் என்று தெரிகிறதோ அவரைத்தான் எடுக்க முடியும். தீபாவளி, தைப்பூசம், உங்கள் கோயில் திருவிழா, ஆலையில் விடுப்புக் கொடுக்காத நாட்கள் எல்லாவற்றையும் உண்மையாக எழுதுங்கள். வேலைச் சட்டம் 1955இன்படி இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 12 நாள்தான் சம்பளத்தோடு விடுப்பு. ஒத்திகை ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் அடங்காது. ஒத்திகை மாலையிலா பகலிலா, வார இறுதியில் மட்டுமா, அரங்கேற்றத்துக்கு முந்தைய வாரம் முழு நாளும் வர வேண்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சம்பளமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று மேலாளரிடம் பேசிவிடுங்கள்.

சம்பளம் உண்டு என்ற ஒரு வரி போதாது. ஒத்திகைக்கும் சேர்த்தா, காட்சிக்கு மட்டுமா? எத்தனை காட்சி? தங்குமிடம் யார் பொறுப்பு? பணம் எப்போது கைக்கு வரும்? காட்சி ரத்தானால் என்ன? பதிவு செய்து இணையத்தில் போட்டால் அதற்கு என்ன? பாத்திரம் கொடுத்த அன்றே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். நான் வேலை செய்த ஒரு குழுவில் பிள்ளைகள் வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்து, கடைசியில் பெட்ரோல் காசுகூட வராமல் போனார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. நியாயமான குழு இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காது.

தேர்வு மண்டபத்திலோ ஒத்திகை அறையிலோதான் நடக்க வேண்டும். ஓட்டல் அறைக்கோ தனி வீட்டுக்கோ கூப்பிட்டால் போகாதீர்கள். துணைக்கு ஒருவரை அழைத்துவந்து வெளியே உட்காரவைப்பதில் தப்பே இல்லை. 2022இல் வந்த பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டத்தின் கீழ்ப் புகார் செய்யத் தீர்ப்பாயமும் இருக்கிறது.

செம்பனைக் கிராணி:

அக்கா, ஐயா, தம்பி, மூவருக்கும் நன்றி. கண்ணகியைத்தான் எடுத்து வைத்திருந்தேன், மாற்றிவிட்டேன். அப்பாவின் நாடகத்தில், கணவன் சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டான் என்று தெரிந்தும் தெரியாதவள் போல அவனுக்குச் சோறு போடுகிற மனைவியின் பேச்சு ஒன்று உண்டு. அதைத் தணிந்த குரலில் தமிழில் செய்யப் போகிறேன். அச்சில் வந்த நாடகத்திலிருந்து மலாயில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மேலாளரிடம் பேசினேன். மாலை ஒத்திகைக்கு வேலைமுறையை மாற்றித் தரலாம், கடைசி வாரத்துக்குச் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடு என்றார்.

அனுபவக் குறிப்பில் கோயில் நாடகங்களை எழுதலாமா? எழுதினால் ஏளனமாகப் பார்ப்பார்களா? புகைப்படம் ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டுமா?

மேடைக்காரி:

எழுது. நாடகம், பாத்திரம், இயக்குநர், இடம், ஆண்டு என்று வரிசையாக எழுது. இயக்குநர் என்ற இடத்தில் உன் அப்பாவின் பெயரை முழுதாகப் போடு. திறந்தவெளியில் பல ஆண்டுகள் கூட்டத்தைக் கட்டி நிறுத்தியவள் என்று அந்தத் தாள் சொல்ல வேண்டும். பள்ளிப் போட்டியையும் சேர். பேசும் மொழிகள், பாட்டு, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் அதையும் கீழே எழுது. நடிக்காத எதையும் எழுதாதே, அடுத்த கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

ஸ்டூடியோ தேவையில்லை. காலை வெயில் நேராக விழாத ஜன்னலுக்கு எதிரே நின்று, பின்னால் வெறும் சுவர் இருக்கும்படி, தோள் வரைக்கும் எடுக்கச் சொல். முகத்தை வெளுப்பாக்குகிற வசதியை அணைத்துவிடு. உள்ளே வருகிறவளும் படத்தில் இருப்பவளும் ஒருத்தியாக இருந்தால்தான், நூறு படங்களைப் பரப்பிவைத்துப் பேசும்போது உன்னை அவர்களால் அடையாளம் காண முடியும். எட்டுக்குப் பத்து அங்குலத்தில் அச்சடித்து, பின்பக்கத்தில் அனுபவக் குறிப்பை ஒட்டு.

சீட்டுப் பணக் காட்சியை ஒன்றரை நிமிடத்துக்கு வெட்டி இங்கே போடு, பார்த்துச் சொல்கிறேன். சோறு போடுகிற கையைச் சும்மா காற்றில் அசைத்துக்கொண்டிருக்காதே. ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து பேசு, அல்லது தட்டு இல்லாமலே அவள் என்ன செய்வாள் என்று உன் அப்பாவிடம் கேள்.