ஏ.சி.எல். அறுவைக்குப் பின் ஐந்து மாதமாகியும் முழங்காலை முழுமையாக நீட்ட முடியவில்லை: துளை இடம் தவறியதா?

கேள்வி:
வணக்கம். எனக்கு வயது 24, கபடி ஆடுபவன். ஐந்து மாதங்களுக்கு முன் வலது முழங்காலில் கிழிந்த ஏ.சி.எல். தசைநாருக்குப் (மூட்டுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைப்பது) பதிலாக, என் பின்தொடைத் தசைநாணை எடுத்து, இரு எலும்புகளிலும் துளையிட்டு ஒட்டாக வைத்தார்கள். மடக்குவதில் குறையில்லை; கால் பிசகுவதும் இல்லை. ஆனால் குப்புறப் படுத்துப் பாதங்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டால், வலது குதிகால் இடதைவிட ஏறத்தாழ 8 செ.மீ. உயர்ந்து நிற்கிறது, நீட்டும் கடைசிக் கட்டத்தில் முன்புறம் ஏதோ நசுங்குவது போல வலிக்கிறது. வேறொரு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "துளையை முன்னால் போட்டிருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னார். முழு அறுவையையும் மறுபடி செய்ய வேண்டுமோ என்ற கவலையில் உறக்கமே இல்லை.

மறுமொழி (இயன்முறை மருத்துவர்):
தம்பி, குதிகாலில் 1 செ.மீ. வேறுபாட்டை ஏறத்தாழ 1 பாகையாகக் கொள்வது எங்கள் வழக்கம்; ஆகவே உங்கள் குறை சிறிதன்று. நீட்டலின் முடிவு ரப்பரைப் போல மெல்ல இடங்கொடுக்கிறதா, கதவுக்குக் கட்டை வைத்தது போலச் சட்டென்று நிற்கிறதா? முன்னது என்றால், குதிகாலுக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து நீட்டும் பயிற்சி உதவும். பின்னது என்றால், எடையைத் தொங்கவிட்டு வலிந்து நீட்ட வேண்டாம். படம் எடுத்துக் காரணத்தைக் காண வேண்டும்.

கேட்டவர்:
கட்டை வைத்தது போலத்தான் நிற்கிறது, ஐயா.

மறுமொழி (எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்):
எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர் எந்தத் துளையைச் சொன்னார் என்பதை முதலில் கேட்டறியுங்கள், ஏனெனில் துளைகள் இரண்டு, அவை பிசகினால் வரும் தொல்லைகளும் வெவ்வேறு. தொடை எலும்புத் துளை முன்னால் போனால், மடக்கும்போது ஒட்டு அளவுமீறி இறுகுவதால், மடக்கம் குறையும் அல்லது ஒட்டு நாளடைவில் தளரும். அது, தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள பள்ளத்தின் உச்சியை ஒட்டிச் செங்குத்தாக அமைந்தால், முன்பின் அசைவு கட்டுப்பட்டாலும் உடலைத் திருப்பும்போது கால் பிசகும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இவற்றோடு பொருந்தவில்லை. கீழ்க்கால் எலும்புத் துளை முன்னால் அமையும்போதுதான், நீட்டும் காலில் அந்தத் தொடை எலும்புப் பள்ளத்தின் கூரை ஒட்டின்மேல் மோதித் தடுக்கும். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அந்தக் கூரை ஒரு கோடாகத் தெரியும். புளூமென்சாட் கோடு என்போம். முழுமையாக நீட்டிய காலில், துளை அக்கோட்டின் நீட்சிக்குப் பின்னால் இருக்க வேண்டும். உங்கள் கால் முழுமையாக நீளாததால், துளை உண்மையில் இருப்பதைவிடப் பின்தள்ளியே படத்தில் தோன்றும். எனவே ஓர் எக்ஸ்ரேயை வைத்து இருபுறமும் தீர்ப்புச் சொல்லக்கூடாது, சி.டி. எடுங்கள்.

துளை சரியாகவே இருந்தும் இதே தடை வரக்கூடும். ஒட்டின் முன்புறம் நார்த்திசு முடிச்சாகத் திரண்டு, நீட்டும்போது நசுங்கும். ஜாக்சனும் ஷேஃபரும் 1990-இல் விவரித்த இதற்கு, கிரேக்கப் புராணத்து ஒற்றைக்கண் அரக்கனின் பெயரால் சைக்ளோப்ஸ் என்று பெயர். எம்.ஆர்.ஐ.யில் இது தெரியும். துளை சரியாக இருந்தால், தோலில் சிறு கீறலிட்டுக் குழாய்க் கருவி வழியே முடிச்சை மட்டும் அகற்றுவதே பெரும்பாலும் போதும். துளை தவறியிருந்தால் அது மட்டும் போதாது.

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்):
சி.டி.யில் கீழ்க்கால் துளை உரிய இடத்திலேயே இருக்கிறது, எம்.ஆர்.ஐ.யில் ஒட்டின் முன்னால் முடிச்சு தெரிகிறது. அடுத்த வாரம் அகற்றுகிறார்கள். அதன்பின் எப்போது களமிறங்கலாம்?

மறுமொழி (எலும்பு மூட்டு அறுவை மருத்துவர்):
நல்ல செய்தி. அகற்றிய அன்றே நீட்டல் பயிற்சியைத் தொடங்கிவிடுங்கள். தாமதித்தால் மீண்டும் இறுகும். கபடியை, முதல் அறுவையிலிருந்து ஒன்பது மாதங்களுக்கு முன் நினைக்கவே வேண்டாம். நார்வேயில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஒன்பதாம் மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாய விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் நிறைந்தாலும், வலது முன்தொடைத் தசையின் வலிமை இடதில் 90 விழுக்காட்டையாவது எட்டியிருப்பதை அளந்து பார்த்த பிறகே களமிறங்குங்கள்.