மரை சரியாக ஏறுகிறது, ஆனால் வாசலைத் தாண்டினால் படம் இல்லை

கேள்வி:
வணக்கம். முதன்முதலாக 5 இன்ச் ட்ரோன் ஒன்றை நானே கட்டியிருக்கிறேன். அனலாக் வீடியோ, 5.8 கிகாஹெர்ட்ஸ். பழைய ஆன்டெனா உடைந்ததால் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். மரை நன்றாக ஏறியது. மேசையில் வைத்துப் பார்த்தால் கண்ணில் மாட்டும் காகிள்ஸில் படம் தெளிவாக இருக்கிறது, வாசலைத் தாண்டினால் புள்ளி புள்ளியாகி மறைந்துவிடுகிறது. சேனல் மாற்றினேன், சக்தியை 25 மில்லிவாட்டிலிருந்து 200க்கு ஏற்றியும் பார்த்தேன், பலனில்லை. விடிஎக்ஸ் (ட்ரோனிலிருந்து படத்தை அனுப்பும் கருவி) வேறு கை வைக்க முடியாதபடி சுடுகிறது. விடிஎக்ஸ் போய்விட்டதா?

பதில்:
முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஆன்டெனாவைக் கழற்றி, ஆன்டெனா பக்கமும் விடிஎக்ஸ் பக்கமும் கனெக்டரின் நடுவில் பாருங்கள், ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை இருக்க வேண்டும். இரண்டிலும் துளை என்றால் ஒன்று எஸ்எம்ஏ கனெக்டர், இன்னொன்று ஊசியும் துளையும் இடம் மாறிய ஆர்பி-எஸ்எம்ஏ. இரண்டுக்கும் மரை ஒன்றேதான், அதனால் ஒன்றின் மேல் ஒன்று அழகாக ஏறிவிடும், ஆனால் நடுக்கம்பி தொடவே தொடாது. இரண்டிலும் ஊசி இருந்தால் இன்னும் மோசம், இறுக்கினால் ஊசி வளைந்துவிடும்.

கேட்டவர்:
டார்ச் அடித்துப் பார்த்தேன் அண்ணா, இரண்டிலும் துளைதான்! கடையில் "ட்ரோன் ஆன்டெனா" என்று மட்டும் கேட்டு வாங்கினேன். மாற்றி ஊசி உள்ளதாக வாங்கினால் போதுமா, இல்லை அடாப்டர் போடலாமா?

பதில்:
அடாப்டர் வேண்டாம். அவசரத்துக்கு வேலை செய்யும், ஆனால் ஆன்டெனா நீண்டு நிற்பதால் ட்ரோன் விழும்போது நெம்புகோல் மாதிரி இழுத்து, விடிஎக்ஸ் பலகையிலிருந்தே கனெக்டரைப் பெயர்த்துவிடும். வெளிமரையும் நடுவில் துளையும் இருந்தால் உங்களுடையது எஸ்எம்ஏ ஃபீமேல், ஊசி உள்ள "எஸ்எம்ஏ மேல் (male)" ஆன்டெனா என்று கேட்டு வாங்குங்கள். வைஃபை ரவுட்டரில் பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏதான், மக்கள் கண்ட ஆன்டெனாவையும் மாட்டக் கூடாது என்ற அமெரிக்க விதியால் வந்த திருப்பம் அது. மாட்டும்போது நட்டை மட்டும் திருகுங்கள், ஆன்டெனாவைப் பிடித்துச் சுழற்றினால் ஊசி உள்ளே தேயும்.

இன்னொருவர் பதில்:
கூடவே ஒன்று, காகிள்ஸ் ஆன்டெனா ஆர்ஹெச்சிபியா (அலை வலமாகச் சுழல்வது) எல்ஹெச்சிபியா (இடமாகச் சுழல்வது) என்று பார்த்து அதே வகையை வாங்குங்கள். கனெக்டர் சரியாக இருந்து இது மாறிப்போனாலும் தூரம் படுத்துவிடும். அடுத்த ட்ரோனில் எம்எம்சிஎக்ஸ் கனெக்டர் உள்ள விடிஎக்ஸ் வாங்கினால் நல்லது, எடை குறைவு, சொடக்கென்று உட்காரும். யூஎஃப்எல் அதைவிடச் சிறியது, ஆனால் சுமார் 30 முறை கழற்றி மாட்டத்தான் செய்திருக்கிறார்கள், விழுந்தாலும் கழன்றுவிடும், கேபிளை டை போட்டுக் கட்டியே ஆக வேண்டும்.

கேட்டவர்:
சரி, ஆன்டெனா இல்லாமல் ஓடியதில் விடிஎக்ஸ் கெட்டிருக்குமா?

பதில்:
இருக்கலாம், வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து பவர் ஆம்ப்ளிஃபயரைச் சுடும். சூட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, காற்றில்லாமல் மேசையில் வைத்தால் நல்ல விடிஎக்ஸும் சுடத்தான் செய்யும். புது ஆன்டெனா போட்டு, ஃபேன் முன்னால் வைத்து 25 மில்லிவாட்டில் ஓட்டுங்கள். காகிள்ஸை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடங்கள். அங்கேயும் படம் மறையாமல் இருந்தால் விடிஎக்ஸ் பிழைத்துவிட்டது.